சினைக் குதிரையின் எடை: வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வைக்கோலை மட்டும் தின்னும் குதிரைக்குச் சினை இல்லாமலே வயிறு தொங்கும். சினையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ‘நல்லா தெளிஞ்சிருக்கு’ என்று தீவனத்தைக் குறைப்பார்கள். முதுகெலும்பு துருத்துவது யார் கண்ணிலும் படாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கடைசி மாதங்களில் வயிற்றின் கனம் தோலைக் கீழே இழுப்பதால், போதிய சதை உள்ள குதிரைக்கும் விலா லேசாகத் தெரியும். உடனே கொள்ளுப் பயறை அள்ளிக் கொட்டுவார்கள்.

கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். விலாவை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மடக்கிய கைமுட்டியின் கணுக்களைத் தடவுவதுபோல் இருந்தால் மெலிவு. புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு சிக்கினால் அளவு சரி. அழுத்தினால்தான் விலா தட்டுப்படுகிறது என்றால் கொழுப்பு கூடிவிட்டது. எட்டாம் மாதத்துக்கு மேல் விலாவோடு நிற்காமல் பிடரி மேடு, தோளின் பின்புறம், வாலடி மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 6-ஐ ஒட்டி நின்றால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

நாடாவால் எடை பார்ப்பதென்றால், மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் (தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை) பெருக்கி, 11,880-ஆல் வகுக்க வேண்டும் (அளவு சென்டிமீட்டரில்). சுற்றளவு 150, நீளம் 145 என்றால் சுமார் 275 கிலோ. சினை முற்றிய பிறகு இந்தக் கணக்கு சரியாக வராது.

‘ரெண்டு உசுருக்குத் திங்கணும்’ என்பது அடுத்த தவறு. சினைக்காலம் சுமார் 340 நாள். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. பதினோராம் மாதத்தில்கூட வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதல் சக்திதான் தேவை. 300 கிலோ குதிரைக்கு அது ஏறக்குறைய ஒரு கிலோ தானியம். பால் கொடுக்கும்போதுதான் தேவை இரட்டிப்பை நெருங்கும். ஆகவே முதல் ஏழு மாதம் பழைய அளவே போதும். அதற்குப் பிறகு ஊறவைத்து வேகவைத்த கொள்ளைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தானியம், கொள்ளு போன்ற அடர்தீவனம் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது.

பசுந்தீவனத்தில் வேறொரு கணக்குப் பிசகு நடக்கிறது. 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலையில் 6 கிலோ தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பத்துக் கிலோ கட்டைப் போட்டால் வயிற்றுக்குள் போவது இரண்டரைக் கிலோதான். மீதிக்குக் காய்ந்த புல்லோ குதிரைமசாலோ வேண்டும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், சதை பிடிக்க வைக்காது. ஆகஸ்டில் இணை சேர்த்த குதிரை ஜூலையில் குட்டி போடும். அதன் கடைசி மூன்று மாதமும் இங்கே ராமநாதபுரம் கரையோரத்தில் கோடை வறட்சி என்பதால், மழைக்காலப் புல்லை அறுத்துக் காயவைத்துச் சேமிக்காமல் முடியாது.

தவிட்டை நம்பி எடை ஏற்றுவோர் அதிகம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) சொற்பம். நம் பக்கத்துக் கொழுக்கட்டைப்புல்லிலும் கோ-4 தீவனப் புல்லிலும் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அந்தச் சொற்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் தாய்க்கு முகஎலும்பு வீங்கும், கால் நொண்டும். தீவனத் தரச் சுண்ணாம்புத்தூள் 25 கிராம் தினமும் சேர்த்தால் ஒன்பது கிராமுக்கு மேல் கால்சியம் கிடைக்கும். எவ்வளவு தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே நல்ல குதிரைக்கும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும், குதிரைக்கு வேகவைத்த சோறு போடுகிறார்கள் என்றும் எழுதி வைத்தார். இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. நமக்குப் போடத் தோன்றுகிறது.

மண்டபம், பாம்பன் போன்ற மணற்பாங்கான ஊர்களில் தீவனத்தைத் தரையில் கொட்டுவதுதான் பெரிய தப்பு. ஒவ்வொரு வாயிலும் மணல் உள்ளே போய்ப் பெருங்குடலின் அடியில் படிகிறது. கழிச்சல், மெலிவு, வயிற்றுவலி என்று வெளிப்படும்போது ‘சினை மெலிவு’ என்று விட்டுவிடுகிறார்கள். மணலில் படாத ஐந்தாறு சாண உருண்டைகளைக் கண்ணாடிச் சாடியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நின்றால் மருத்துவரை அழையுங்கள். தீவனத்துக்குத் தொட்டி வையுங்கள், தொட்டிக்குக் கீழே ரப்பர் பாய் விரியுங்கள். கிணற்று நீர் உப்புக் கரித்தால் குதிரை குடிப்பது குறையும், அதோடு தின்பதும் குறையும். நல்ல தண்ணீரை நிழலில் வையுங்கள்.

சீமைக்கருவேல நெற்று இனிப்பாக இருப்பதால் குதிரை விரும்பித் தின்னும்; குவியலாகத் தின்றால் குடலை அடைக்கும். இளஞ்சோளப் பயிர் நஞ்சு. மாடு, கோழித் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத்தையே பாதிக்கும். அந்தத் தீவனம் முழுப் பையாகக் கிடந்தாலும் குதிரைக்குப் போட வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கொழுத்த சினைக் குதிரையைப் பட்டினி போடுவது. தீவனம் திடீரென நின்றால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்கி ஈரலில் படியும். மட்டக்குதிரைக்கும் சினை முற்றியதற்கும் இது எளிதில் வரும், பெரும்பாலும் உயிரையும் கொண்டுபோகும். எடை குறைக்க வேண்டுமானால் ஏழாம் மாதத்துக்குள், அடர்தீவனத்தை மட்டும், பத்து நாளில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். புல்லைக் குறைக்கக் கூடாது. அதற்குப் பிறகு எடை குறைக்கும் பேச்சே கூடாது. சினைக் குதிரை ஒரு நாள் முழுக்க வாய் வைக்காமல் சோர்ந்து நின்றால், மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரை வரவழையுங்கள்.