நம் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதுவது எப்படி?

களியக்காவிளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வெற்றி பெற்றவர்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து நகல் எடுத்து, இதுதான் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு என்று கொண்டுபோகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. நீளநோட்டு ஒன்றை வாங்குங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.

முதலில் மாநிலத்தைச் சரிபாருங்கள். தேர்தல் ஆணையத்தின் பழைய அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1951-52 அறிக்கையில் சென்னை மாநிலப் பக்கங்களைப் புரட்டினால் நம் தொகுதி, அன்றைய பெயரில் நாகர்கோவில், இருக்காது. திருவிதாங்கூர்-கொச்சியில் தேட வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் நம் பக்கம் சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் நேசமணிதான் 1952இல் வென்றவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டை எழுதாமல் இந்த முதல் பக்கத்தை முடிக்காதீர்கள்.

அடுத்தது எல்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 2009இல் நாகர்கோவில் தொகுதி கன்னியாகுமரி ஆனது. பெயர் மட்டும் மாறியதாக நினைத்து 2004 வாக்குகளையும் 2009 வாக்குகளையும் நேராக ஒப்பிட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. மறுவரையறையில் அது இங்கே வந்தது, திருவட்டார் சட்டமன்றத் தொகுதி இல்லாமலே போனது. நோட்டில் 2004க்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே நிலப்பரப்பு அல்ல.

இடைத்தேர்தல்களைத் தனியாகத் தேடுங்கள். பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வரிசையாகப் படித்தால் 1967இல் நேசமணி, 1971இல் காமராஜர் என்றிருக்கும். இடையில் 1968இல் நேசமணி மறைந்ததும், 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் வென்றதும் விழுந்துவிடும். விருதுநகரில் 1967 சட்டமன்றத் தேர்தலில் தோற்ற தலைவரை மீண்டும் மக்களவைக்கு அனுப்பிய தேர்தல் அது. இதை விட்டுவிட்டு நம் தொகுதிக்கு வேறென்ன வரலாறு? 2020இல் வசந்தகுமார் மறைந்து, 2021 இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த் வென்றதும் அப்படித்தான்.

வென்றவரின் கட்சியை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக எழுதுங்கள். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார். முதல் நான்கும் காங்கிரஸ், கடைசி இரண்டும் தமிழ் மாநில காங்கிரஸ். 1999இல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், 2009இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் என்று அடுத்தடுத்து கட்சி மாறியதைத் தனித்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

சின்னத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். காமராஜர் 1969இல் நின்றது இரட்டைக்காளையில், காங்கிரஸ் பிளந்த பிறகு 1971இல் நின்றது ராட்டை நூற்கும் பெண் சின்னத்தில். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். பெரியவர்களிடம் ஆண்டைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். சின்னத்தைச் சொல்லுங்கள், கண் விரியும்.

அவர்களிடம் போக நாள் பார்க்காதீர்கள். என் அப்பாவின் அத்தையிடம், முதல் தேர்தலில் எந்தச் சின்னத்தில் முத்திரை குத்தினீர்கள் என்று கேட்டேன். “முத்திரையா? நான் எங்கே குத்தினேன், மக்களே! சீட்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டேன்” என்றார். மறதி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, சின்னம் ஒட்டியிருந்தது பெட்டியில். அத்தை சொன்னது முற்றிலும் சரி. அதனால் அந்தத் தலைமுறையிடம் “எந்தப் பெட்டியில் போட்டீர்கள்?” என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே, கேட்ட தேதியோடும் ஊரோடும், அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.