வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பி உணவைத் தீர்மானிக்க வேண்டாம்

இலங்கை மலையகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பலர், கிளினிக் நாள் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனி அளவையே தம் உணவுக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். இரவில் ஈரல் இரத்தத்தில் விடும் குளுக்கோஸையும் மருந்தின் செயலையும் பெருமளவு காட்டும் அந்த அளவு, காலையில் உண்ணும் கோதுமை மா ரொட்டி உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. கிளினிக்குக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் வாயைக் கட்டுவதோ மருத்துவரையும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

உணவைப் பற்றி அறிய இரண்டு அளவுகள் வேண்டும்: உண்ணத் தொடங்கும் முன் ஒன்று, முதல் வாய் உண்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மற்றொன்று. உண்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடுவது பரவலான தவறு. முன்பு ஒரு டெசிலீட்டருக்கு 120 மில்லிகிராம், பின்பு 210 என்றால் உயர்வு அந்த உணவால் வந்ததாக இருக்கலாம். முன்பே 190 இருந்து பின்பு 215 ஆனால், அந்த ரொட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. கருவுறாத பெரியவர்கள் பெரும்பாலோருக்கு உணவுக்குப் பின் 180 மில்லிகிராமுக்குள் இருப்பது பொதுவான இலக்கு. முதியோருக்கு மருத்துவர் வேறு இலக்குத் தரக்கூடும்.

ரொட்டியையும் சீனி போட்ட பிளேன்டீயையும் ஒரே நாளில் மாற்றினால், எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும். முதலில் தேநீரில் சீனியை நிறுத்திப் பாருங்கள்; அடுத்து ஒரு ரொட்டியைக் குறைத்துப் பருப்பும் கீரையும் சேர்த்துப் பாருங்கள். சரிவில் ஏறிக் கொழுந்து பறித்த நாளின் அளவை, வீட்டிலிருந்த ஞாயிற்றுக்கிழமை அளவோடு ஒப்பிடக் கூடாது. உடலுழைப்பு சீனியைக் குறைக்கும், காய்ச்சல் உயர்த்தும். வீட்டில் இரத்தச் சீனி அளக்கும் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரமே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வேறுபாட்டை ஏற்கிறது. எனவே 160க்கும் 175க்கும் இடையே பொருள் தேடாமல், அதே உணவை ஒரே மாதிரியான சில நாட்களில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பொய்யான உயர்வு தெரியும். நுவரெலியா போன்ற இடங்களில் விடியற்குளிரில் இரத்தம் வராமல் விரலை அழுத்திப் பிழிவோர் உண்டு. அதுவும் அளவைக் கெடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி நன்கு துடைத்தால் போதும். குளிரிலும் உயரத்திலும் கருவி எதுவரை சரியாக இயங்கும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். சோதனைப் பட்டிகளின் புட்டியை ஈரம் புகாதபடி உடனே மூடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, உயர்ந்த அளவைக் கண்டு பயந்து அடுத்த வேளை உணவைத் தவிர்ப்பது. இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள் பயன்படுத்துவோருக்கு இதனால் சீனி 70க்குக் கீழே இறங்கலாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.