காடு, குளம், காணி பற்றிய வர்த்தமானியை வாசிப்பது எப்படி? வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஊர் வட்ஸ்அப் குழுவில் வர்த்தமானி, அதாவது அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ அறிவித்தல் ஏடு, ஒரு பிடிஎஃபாக வந்து விழும். கூடவே "எங்கட காணியெல்லாம் பூங்காவுக்குள்ள போகுதாம்" என்று ஒரு குரல்பதிவும் வரும். குரல்பதிவை எல்லோரும் கேட்பார்கள், பிடிஎஃபை யாரும் திறக்க மாட்டார்கள். இந்தப் பதிவு அதைத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு போன், பேனா, கடதாசி, உங்கள் காணிப் பத்திரங்களின் போட்டோப் பிரதி, ஒரு கலண்டர் இருந்தால் போதும். கலண்டர் ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

"புதுச் சட்டம் வந்திட்டுது" என்று பரவுகிறவற்றில் பல சட்டமே அல்ல. முதல் பக்கத்தைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

"சட்டமூலம்" என்று இருந்தால் அது பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவு. வர்த்தமானியின் பகுதி II இற்குக் குறைநிரப்பியாக அச்சாகி வரும். பிறகு பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப்பத்திரத்தில் ஏறி, மூன்று வாசிப்புகளும் குழுநிலையும் முடிந்து, சபாநாயகர் கையொப்பமிட்டால்தான் சட்டமாகும்.

"கட்டளை" அல்லது "அறிவித்தல்" என்று இருந்தால் விஷயம் வேறு. ஏற்கனவே உள்ள ஒரு சட்டம் அமைச்சருக்கோ அதிகாரிக்கோ கொடுத்த அதிகாரத்தில் வருவது அது. புதுச் சட்டமூலம் எதுவும் தேவையில்லை. கையொப்பம் விழுந்து வர்த்தமானியில் வந்தால் போதும். 2015 ஜூனில் மடு வீதியும் சுண்டிக்குளமும் தேசிய பூங்காக்களானது இப்படித்தான், 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ். வன்னியில் நிலத்தைத் தொடுகிறவை பெரும்பாலும் இந்த வகைதான். பாராளுமன்ற விவாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவை கண்ணிலேயே படாது.

"நியதிச்சட்டம்" என்றால் மாகாண சபை செய்வது. சுற்றாடல், சுற்றுலா போன்றவற்றில் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது. ஆனால் 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே யாராவது "மாகாண சபை இப்ப ஒரு சட்டம் போட்டிருக்கு" என்றால் திகதியைக் கேளுங்கள். பிரதேச சபையின் உபவிதிகளும் உண்டு: குப்பை, கடற்கரை, சிறுவர் பூங்கா, கட்டணம் என்று சின்னச் சின்ன விஷயங்கள். அவை பகுதி IV(ஆ) இல் வரும்.

படி 2: மூலப் பிரதியை எடுங்கள்

போனில் எடுத்த அரைப்பக்கப் படத்தை நம்ப வேண்டாம். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் மூன்று மொழியிலும் இலவசமாகக் கிடைக்கும். தேடுவதற்கு இலக்கமும் திகதியும் வேண்டும். இலக்கத்தில் சாய்கோடு இருந்தால் அது அதிவிசேட வர்த்தமானி, எந்த நாளும் வரலாம். சாய்கோடு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தோறும் வரும் சாதாரண வர்த்தமானி.

செய்தியாளர்கள் தேடிப் பார்ப்பது அதிவிசேடத்தைத்தான். ஆனால் 2025 மார்ச் 28 இல் வந்த 2430 ஆம் இலக்க வர்த்தமானியைப் பாருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு உரிமை கோருகிறவர்கள் 3 மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் அது அரச காணியாகும் என்று சொன்ன அறிவித்தல் அது. வெள்ளிக்கிழமை வரும் சாதாரண வர்த்தமானியில்தான் வந்தது. ஊரில் பேச்சாகும்போது அந்த 3 மாதத்தில் பல வாரம் கரைந்துவிட்டது. எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. எல்லா முறையும் அப்படி முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊருக்கு ஒரு இளைஞரோ ஆசிரியரோ வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் காணிப் பகுதியான பகுதி III ஐயும் ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தப் பதற்றம் பாதியாகக் குறையும்.

படி 3: அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான படி. முன்பகுதியில் "எனக்கு அளிக்கப்பட்ட தத்துவங்களின் பயனைக்கொண்டு" என்று ஓடும் வசனங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை சட்டத்தரணிக்கு. நேரே கடைசிக்குப் போனால் "அட்டவணை" என்று ஒன்று இருக்கும். நிலம் அங்கேதான் இருக்கிறது.

அட்டவணை இரண்டு மாதிரி எழுதப்படும். ஒன்று, எல்லை விவரிப்பு: வடக்கே இன்ன வீதி, கிழக்கே இன்ன ஆறு, தெற்கே இன்ன குளத்தின் அலைகரை என்று சுற்றிவரும். ஒரு பெரிய கடதாசியில் திசை போட்டு, சொல்லச் சொல்லக் கோடு இழுங்கள். வரைபடம் அழகாக வரத் தேவையில்லை, கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து சேருகிறதா என்பதுதான் முக்கியம். குளத்தின் பெயர் கேள்விப்படாததாக இருந்தால் சிங்கள, ஆங்கிலப் பிரதிகளில் அதே வரியைப் பாருங்கள். எழுத்துக் கூட்டலில் உருமாறிப்போன உங்கள் ஊர்க் குளமாகவே அது இருக்கலாம். ஊரில் வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டால் இந்த வேலை இன்னும் வேகமாகும். பழைய வண்டிப்பாதையும் காட்டாறும் அவருக்குத்தான் தெரியும்.

மற்றது, ஆள்கூறுகள். வன்னி முழுவதும் அகலக்கோடு 8.5 இற்கும் 9.6 இற்கும் இடையில், நெடுங்கோடு 79.7 இற்கும் 81 இற்கும் இடையில் வரும். அந்த மாதிரி எண்கள் என்றால் கூகுள் வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் புள்ளி வையுங்கள். ஆறு இலக்க எண்கள் இரண்டிரண்டாக வந்தால் அது நில அளவைத் திணைக்களத்தின் சொந்த ஆள்கூற்று முறை. கூகுளில் நேரே போட்டால் வேலை செய்யாது, மாற்றித் தரத் தெரிந்த நில அளவையாளரிடம் போங்கள். "காணித் துண்டு இலக்கம்", "இறுதிக் கிராம வரைபடம்" என்று இருந்தால் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அளவையும் மாற்றிப் பாருங்கள். 1 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர். "168 ஹெக்டேயர்" என்று வாசிக்கும்போது சின்னதாகத் தெரிவது, "415 ஏக்கர்" என்றதும் எவ்வளவு வயல் என்று மனதில் படும்.

எல்லைக்கல் பற்றி ஒரு வார்த்தை. காட்டோரம் கல் நட்டிருப்பதால் அதற்கு ஒரு வர்த்தமானி இருக்கிறது என்று அர்த்தமில்லை. வர்த்தமானி இல்லாததால் நிலம் உங்களுடையது என்றும் அர்த்தமில்லை. ஒதுக்கக்காடாக அறிவிக்கப்படாத அரச காடுகள் மீதும் வனவளத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. 2001 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அவற்றைத் திணைக்களத்திடம் கொடுத்தது, 2020 இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை அந்த ஏற்பாட்டை மாற்றியது. இடம்பெயர்ந்து திரும்பி வரும்போது வயலில் காடு எழும்பி, அதற்குள் கல்லும் நின்ற கதை வன்னியில் எத்தனையோ ஊரில் உண்டு. அந்தச் சண்டை பெரும்பாலும் வர்த்தமானியில் இல்லை, சுற்றறிக்கையிலும் வரைபடத்திலும் இருக்கிறது. அதற்கு ஏழாம் படிதான் வழி.

படி 4: எந்த வகைப் பாதுகாப்பு?

"வனம்" என்று ஒரே சொல்லில் பேசுகிறோம். சட்டத்தில் பல வகை. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். வயல் செய்யலாம், வீட்டில் இருக்கலாம், வேட்டை கூடாது. 1954 முதல் கட்டுக்கரைக் குளம் சரணாலயம்தான், கொக்கிளாய் 1951 முதல். தேசிய பூங்கா அப்படியல்ல. அரச காணியில் மட்டும் அறிவிக்கப்படுவது, உள்ளே போக அனுமதி வேண்டும். சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 இல் பூங்கா. மீன்பிடிக்கும், மாடு சாய்க்கும், விறகு எடுக்கும் ஊருக்கு இந்த இரண்டும் வேறுவேறு வாழ்க்கை. குருவி பார்க்கவோ கூடாரம் போட்டுத் தங்கவோ வருகிறவர்களும் எந்த வகை என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் கவனிக்க: தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம் போன்றவற்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விடுதி கட்ட நினைக்கிறவர்கள் இதைப் பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

படி 5: நாளை எண்ணுங்கள்

கலண்டரை எடுங்கள். வர்த்தமானித் திகதியில் வட்டம் போடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த திகதியில் அல்ல.

சட்டமூலம் என்றால், ஒழுங்குப்பத்திரத்தில் ஏறியபின் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொண்டுபோகக் கிடைப்பது சில நாட்கள்தான். நீதிமன்றம் மனு கிடைத்து 3 வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சபாநாயகர் கையொப்பமிட்ட பிறகு அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. எனவே சட்டமூலம் பற்றிய பேச்சு வந்த அன்றே சட்டத்தரணி ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அமைச்சரின் கட்டளை என்றால் அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ தடுக்கவோ கேட்கும் ரிட் கட்டளை) கேட்பதற்கு இப்படிக் கட்டான நாள் கணக்கு இல்லை, ஆனால் சுணங்கினால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கமானது. நீருயிரின வளர்ப்புக்காக அதில் 168 ஹெக்டேயரை விலக்க 2024 இல் வர்த்தமானி வந்தபோது சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. ஆக, காணியைக் காப்பாற்ற மட்டுமல்ல, காட்டையும் கண்டலையும் காப்பாற்றவும் இதே கலண்டர்தான்.

காற்றாலை, மணல் அகழ்வு போன்ற திட்டங்களுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. யாரும் சொல்லலாம், அயலவராக இருக்க வேண்டும் என்று கூட இல்லை. 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றும் திட்டமே இந்த நடைமுறைக்குள் வந்துவிடும்.

படி 6: கடிதம் எழுதுங்கள்

"எமது வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது" என்று ஐம்பது பேர் கையெழுத்து வைத்த கடிதத்தை விட, எல்லைக் கோட்டின் ஒரு துண்டைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு பக்கம் அதிகம் வேலை செய்யும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"… ஆம் திகதிய … இலக்க வர்த்தமானியின் அட்டவணையில் கிழக்கு எல்லையாகக் காட்டப்பட்ட வாய்க்காலுக்கு மேற்கே, எமது கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த … ஏக்கர் வயல் உள்ளது. இவ்வயல் கமநல சேவை நிலையத்தின் நெற்காணி இடாப்பில் பதியப்பட்டுள்ளது. பிரதியும் ஏக்கர் வரி ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன. எனவே கிழக்கு எல்லையை வயலின் மேற்கு வரம்புக்கு மாற்றித் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

என்ன, எங்கே, எதை வைத்துச் சொல்கிறோம், என்ன வேண்டும். அவ்வளவுதான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழான பெர்மிட், உறுதி, பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன் காட், விதானையாரின் கடிதம் என்று கையில் உள்ளதை இணையுங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், யார் கேட்டாலும் பிரதிதான்.

"காடு வேண்டாம்" என்று எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் குளங்களுக்குத் தண்ணீர் வந்து சேருவது அந்த நீரேந்து காட்டால்தான். காட்டை வைத்துக்கொண்டே கோட்டைத் திருத்தச் சொன்னால், வாசிக்கிற அதிகாரியால் ஒத்துக்கொள்ளவும் முடியும்.

படி 7: யாருக்கு அனுப்புவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது

வர்த்தமானியில் ஒப்பமிட்டவருக்கு ஒன்று. பிரதேச செயலாளருக்கும் கச்சேரிக்கும் பிரதி. சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்கு ஒன்று. எல்லாம் பதிவுத் தபாலில், ரசீதை ஒரே கோவையில் வையுங்கள். பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள்: மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சிக்காரர் வன்னி எம்.பி.யைத் தேடித் திரிவதைக் கண்டிருக்கிறேன். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னரே கடிதம் அவர்கள் கையில் இருந்தால் அங்கே எழுப்பக் கேட்கலாம்.

வரைபடம் காட்டவில்லை, கல் எந்த அதிகாரத்தில் நட்டது என்று சொல்லவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: "… கிராம அலுவலர் பிரிவில் எல்லைக்கல் இடப்பட்டதற்கான வரைபடத்தின் பிரதி, அதற்கான வர்த்தமானி அல்லது சுற்றறிக்கையின் பிரதி." 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவரும் மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வரைபடம் கையில் வந்ததும் மூன்றாம் படியில் நீங்கள் இழுத்த கோட்டின் பக்கத்தில் வைத்து, எங்கே விலகுகிறது என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள். அந்தப் பக்கம்தான் அடுத்த கடிதத்தின் முதல் இணைப்பு.