ரக்பி வீரர் எவ்வளவு ஓடுகிறார்? ஜிபிஎஸ் பதிவை வைத்து மட்டங்களை ஒப்பிடும் முறை

பள்ளி அணி, வாரக் கடைசியில் ஆடும் அமெச்சூர் கிளப், சம்பளம் வாங்கும் தொழில்முறை அணி. இந்த மூன்று மட்டங்களிலும் ரக்பி வீரர்கள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்று ஒப்பிடச் சொன்னால், எல்லோரும் முதலில் மொத்தக் கிலோமீட்டரைத்தான் தேடுகிறார்கள். அந்த எண் அதிகம் சொல்லாது. 15 பேர் ஆடும் ரக்பி யூனியனில், முழு ஆட்டம் ஆடும் ஃபார்வர்டு (ஸ்க்ரமில் தள்ளும் எட்டுப் பேரில் ஒருவர்) சுமார் 5 முதல் 6 கிலோமீட்டர் ஓடுவார். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பேக்ஸ் வீரர் 6 முதல் 7 கிலோமீட்டர். மட்டத்துக்கு மட்டம் இந்த எண்கள் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். பயிற்சித் திட்டம் போட உங்களுக்குத் தேவை, ஆட்டத்தின் மிகக் கடுமையான ஒரு நிமிடம். அதை ஜிபிஎஸ் கருவியின் கோப்பிலிருந்து எடுப்பதுதான் இந்தப் பதிவு.

ரக்பி விதிகளும் விரிதாளில் ஃபார்முலா போடுவதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கருவி

10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் வேண்டும். அதாவது நொடிக்கு 10 பதிவு. நொடிக்கு ஒரு பதிவு எடுக்கும் கருவி நடையையும் மெதுவோட்டத்தையும் ஓரளவு சரியாகச் சொல்லும். இரண்டு நொடியில் முடிந்துவிடும் பாய்ச்சலைத் தவறவிடும். கேட்டபுல்ட், ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் ஆகிய இரண்டு நிறுவனக் கருவிகளும் எனக்குச் சம்மதமே. கைக்கடிகாரம் வேண்டாம். டேக்கிலில் அது எதிராளியின் முகத்தைக் கிழிக்கும்.

கருவி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இறுக்கமாக உட்கார வேண்டும். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே திறந்த வெளியில் வைத்து ஆன் செய்யுங்கள். ஒரு வீரருக்கு சீசன் முழுவதும் ஒரே கருவியைக் கொடுங்கள். ஒரே மாடல் என்றாலும் இரண்டு கருவிகள் அச்சாக ஒரே எண்ணைத் தருவதில்லை.

படி 2: மூலக் கோப்பு

நிறுவனத்தின் டேஷ்போர்டு அழகாக ஒரு சுருக்கம் காட்டும். அதை நகலெடுக்காதீர்கள். எந்த வேகத்துக்கு மேல் போனால் 'அதிவேகம்' என்று அது கணக்கிட்டது என்பது செட்டிங்ஸுக்குள் இருக்கும், அணிக்கு அணி மாறும். மூலப் பதிவை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். நேரம், வேகம், செயற்கைக்கோள் எண்ணிக்கை இந்த மூன்று இருந்தால் போதும்.

விரிதாளுக்கு என் தேர்வு லிப்ரே ஆபிஸ் கால்க். 80 நிமிடத்துக்கு ஒரு வீரருக்கே 48,000 வரிசை வரும். இதைக் கூகுள் ஷீட்ஸில் திறந்தால் ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் காத்திருக்க வேண்டும். பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள் அதன் பாண்டாஸ் நூலகத்தில் செய்துகொள்ளலாம், ஆனால் முதல் கோப்பையாவது கையால் செய்து பாருங்கள். எங்கே கோளாறு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 3: நேரத்தை வெட்டுதல்

தொடக்க விசிலிலிருந்து இடைவேளை விசில் வரை ஒரு தாள். இரண்டாம் பாதிக்குத் தனித் தாள். இரண்டையும் ஒட்டாதீர்கள், காரணம் படி 5இல் வருகிறது.

நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கு, எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டுக்கு ஒரு வீரர் 80 நிமிடத்தில் 5,600 மீட்டர் ஓடியிருக்கிறார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70. அதே கோப்பில் 20 நிமிட வார்ம்-அப், 10 நிமிட இடைவேளை, அவற்றில் நடந்த 1,000 மீட்டர் எல்லாம் சேர்ந்துவிட்டால் 6,600ஐ 110ஆல் வகுக்கிறோம்: 60. பந்து ஆட்டத்தில் இருந்த 35 நிமிடத்தை மட்டும் எடுத்து, அதில் ஓடியது 3,850 மீட்டர் என்றால்: 110. ஒரே ஆள், ஒரே ஆட்டம், மூன்று எண். இணையத்தில் கிடைக்கும் தொழில்முறை அணிகளின் எண்ணை எடுக்கும்போது இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பக்கத்தில் வைக்கவே கூடாது.

காயம், வீடியோ நடுவர் என்று நடுவர் கடிகாரத்தை நிறுத்துவதால் 40 நிமிடப் பாதி, சுவர்க் கடிகாரத்தில் 45ஐயும் தாண்டும். எந்தக் கடிகாரம் என்பதை முடிவு செய்து எல்லா அணிக்கும் அதையே பயன்படுத்துங்கள். 19 வயதுக்குட்பட்டோர் விதிப்படி ஒரு பாதி 35 நிமிடம்தான். பள்ளிப் பையன்கள் 'குறைவாக ஓடுகிறார்கள்' என்று வரும் எண்ணில் பாதிக் கதை இந்த 10 நிமிடம்.

படி 4: வேக வரம்பு

நொடிக்கு 5 மீட்டரை, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டரை, அதிவேக ஓட்டத்தின் தொடக்கமாகப் பலரும் வைக்கிறார்கள். மட்டங்களை ஒப்பிட இதுவே வசதி. ஆனால் நொடிக்கு 7.5 மீட்டரே உச்சமாக ஓடும் ப்ராப்புக்கு (ஸ்க்ரமின் முன்வரிசை வீரர்) இது அவர் திறனில் 67 சதவீதம், 9.5 மீட்டர் ஓடும் விங்கருக்கு (ஓரத்தில் ஆடும் பேக்ஸ் வீரர்) 53 சதவீதம். ஒருவருக்குக் கடினமான ஓட்டம், இன்னொருவருக்கு நிதான ஓட்டம். ஆகவே ஒப்பீட்டுக்கு நிலையான வரம்பு, தனிப்பட்ட வீரரின் பயிற்சிக்கு அவருடைய உச்ச வேகத்தில் 60 சதவீதம் என்று இரண்டையும் கணக்கிட்டு வையுங்கள்.

படி 5: உச்ச நிமிடம்

பலரும் சிக்கும் இடம் இதுதான், எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான். கோப்பை 0–1, 1–2, 2–3 நிமிடம் என்று துண்டு போட்டு அதில் பெரியதை எடுத்தால் எண் குறைவாக வரும். கடுமையான கட்டம் 12ஆம் நிமிடத்தின் நடுவில் தொடங்கி 13இன் நடுவில் முடிந்தால், துண்டு அதை இரண்டாக வெட்டிவிடுகிறது. நகரும் சாளரம் வேண்டும்: ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பின்னோக்கி 60 நொடி.

ஒவ்வொரு வரிசையிலும் 600 வரிசைகளுக்குச் சராசரி ஃபார்முலா போட்டால் கணினி திணறும். இப்படிச் செய்யுங்கள். வேகத்தை 0.1ஆல் பெருக்கினால் அந்த வரிசையில் கடந்த தூரம். அடுத்த நெடுவரிசையில் அந்தத் தூரங்களின் கூட்டுத்தொகையை ஏற்றிக்கொண்டே போங்கள். அதற்கடுத்ததில், 602ஆம் வரிசையின் கூட்டுத்தொகையிலிருந்து 2ஆம் வரிசையின் கூட்டுத்தொகையைக் கழித்து, ஃபார்முலாவைக் கடைசி வரை இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணும் கடந்த 60 நொடியில் ஓடிய மீட்டர். அதில் பெரியதுதான் உச்ச நிமிடம். இரண்டு பாதியையும் ஒட்டியிருந்தால், முதல் பாதியின் கடைசி 30 நொடியும் இரண்டாம் பாதியின் முதல் 30 நொடியும் சேர்ந்து நடக்காத ஒரு நிமிடத்தை உருவாக்கிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். 600 வரிசை என்பது 60 நொடியாக இருப்பது, ஒரு வரிசைகூட விடுபடாதபோது மட்டுமே. ஸ்டேடியத்தின் கூரை, உயரமான ஸ்டாண்டு அருகே சிக்னல் விட்டுவிட்டு வரும்; கருவி அந்த வரிசைகளை எழுதாது. அப்போது உங்கள் '60 நொடி' 68 நொடியாகிவிடும், உச்சம் தவறாக வரும். சோதிக்க வழி: கடைசி நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழித்து, வரும் நொடிகளை 10ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். வரிசை எண்ணிக்கை அதைவிடக் குறைந்தால் ஓட்டை இருக்கிறது.

ஓட்டை அடைக்க, 0.1 நொடி இடைவெளியில் முழு நேரப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, விலுக்கப் (VLOOKUP) மூலம் வேகத்தை இழுங்கள். நேரம் தசமத்தில் இருப்பதால் சில வரிசைகள் இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று வரும், ஏனென்றால் கணினிக்குள் 0.3 என்பது துல்லியமாக 0.3 அல்ல. இரு பக்கமும் நேரத்தை 10ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணாக்கிவிட்டுத் தேடுங்கள், சரியாகிவிடும். ஒரு நொடிக்குக் குறைவான ஓட்டைக்கு முந்தைய வேகத்தையே நிரப்பலாம். அதைவிடப் பெரிதானால் அந்த நிமிடத்தை உச்சத் தேடலிலிருந்து விலக்குங்கள். செயற்கைக்கோள் எண்ணிக்கை சரிந்த இடத்தில் நொடிக்கு 11 மீட்டர் போன்ற வேகம் தெரிந்தால் அதையும் ஓட்டையாகவே நடத்துங்கள். ஆனால் அந்த வரிசையை அழித்துவிடாதீர்கள்.

எண் நம்பத்தக்கதா என்று எப்படி அறிவது? தொழில்முறை ஆட்டத்தில் சராசரி 70 பக்கம் இருக்கும் பேக்ஸ் வீரருக்கு உச்ச நிமிடம் 150ஐத் தாண்டுவது சாதாரணம். சராசரியை நம்பித் தயாராகும் வீரர் அந்த நிமிடத்தில் டேக்கிலைத் தவறவிடுவார்.

படி 6: ஒப்பிடுதல்

அணியின் சராசரியை அணியின் சராசரியோடு வைக்காதீர்கள். முன்வரிசை, லாக், பின்வரிசை ஃபார்வர்டு, ஹாஃப்-பேக், சென்டர், கடைசி மூவர் (இரண்டு விங்கர், ஒரு ஃபுல்-பேக்) என்று பிரியுங்கள். மாற்று வீரர்களைத் தனியாக வையுங்கள். 20 நிமிடம் மட்டும் ஆடுபவர் தன்னைச் சேமிக்கத் தேவையில்லை, எண் ஏறியே இருக்கும். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மொத்தத் தூரத்தைவிட அதிவேக ஓட்டம் ஆட்டத்துக்கு ஆட்டம் மிக அதிகமாக ஏறி இறங்கும்.

ஸ்க்ரமில் முழு பலத்தோடு தள்ளும் ப்ராப்பை ஜிபிஎஸ் சும்மா நிற்பவராகத்தான் பார்க்கும். வீடியோவிலிருந்து டேக்கில், ரக், ஸ்க்ரம் எண்ணிக்கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அது இல்லாமல் ஃபார்வர்டுகளை மட்டத்துக்கு மட்டம் ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பின்னர் சேர்த்தவை

கண்டியிலிருந்து ஒரு வாசகர், மாலை 4 மணி ஆட்டம் கோப்பில் 10.30க்குத் தொடங்குகிறதே என்று கேட்டிருந்தார். கருவி உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இந்தியாவுக்கும் அதேதான்.

வேகம் 25, 28 என்று வருகிறது என்றவருக்கு: அது மணிக்குக் கிலோமீட்டர். 3.6ஆல் வகுங்கள்.

லீக் ரக்பியின் எண்கள் யூனியனைவிட ஏன் இவ்வளவு அதிகம் என்றும் ஒருவர் கேட்டார். லீக்கில் ஒவ்வொரு டேக்கிலுக்குப் பிறகும் தடுப்பு அணி 10 மீட்டர் பின்வாங்கி மறுபடி முன்னேற வேண்டும். யூனியனில் ரக்கின் கடைசிக் காலுக்குப் பின்னால் நின்றால் போதும். செவன்ஸில் அதே அளவு மைதானத்தை 7 பேர் காக்கிறார்கள், 7 நிமிடப் பாதியில், சராசரியே நிமிடத்துக்கு 100 மீட்டரை எட்டும். மூன்றையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.