புது பிக்கப் போட எந்த கிட்டார் சரி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த பிக்கப் (தந்திகளின் அடியில் இருக்கும், ஒலியைப் பிடிக்கும் காந்தக் கருவி) வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். அதை எந்த கிட்டாரில் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் வந்துவிடுகிறது: "அந்த மூலையில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, அதில் போடலாம்." பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த கிட்டார் ஏன் சும்மா கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். கழுத்து கைக்குப் பிடிக்கவில்லை, ட்யூனிங் நிற்கவில்லை, மேல் ஃப்ரெட்களில் தந்தி உரசுகிறது என்றால் பிக்கப் எதையும் சரிசெய்யாது. தந்தி அதிர்வதை காந்தப்புலம் வழியாக மின்சாரமாக மாற்றுவதுதான் அதன் வேலை. அதிர்வே சீக்கிரம் செத்துப்போனால், விலை உயர்ந்த பிக்கப்பும் அந்தச் செத்த ஒலியைத்தான் ஆம்புக்கு அனுப்பும்.

ஆகவே ஆம்பில் செருகாமல் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் ஸ்வரம் பொத்தென்று அடங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தந்தியை மெல்ல முறுக்கும்போது நட்டில் (கழுத்தின் மேல் முனையில் தந்திகள் பதியும் துண்டு) 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால், தந்தி அங்கே சிக்குகிறது. ட்யூனிங் நழுவுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஒரு சுருதியும், அழுத்தி வாசித்தால் வேறு சுருதியும் வந்தால் சேடிலை (உடலில் உள்ள பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டு) நகர்த்தினால் போதும். நட், சேடில், தந்தியின் உயரம் எல்லாம் குறைந்த செலவில் சரியாகும். முறுக்கிக்கொண்ட கழுத்து அப்படியல்ல. அந்த கிட்டாருக்கு பிக்கப் வாங்கவே வேண்டாம்.

அடுத்த தவறு, இப்போதிருக்கும் பிக்கப்பின் உயரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அது மோசம் என்று முடிவு கட்டுவது. இரண்டு ஓரத் தந்திகளையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பகுதிக்கும் காந்தத் துருவத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வழக்கமான ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) சிங்கிள் காயிலுக்குத் (ஒற்றைச் சுருள் பிக்கப்) தடித்த தந்திப் பக்கம் சுமார் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். ரொம்ப நெருங்கினால் காந்தம் தந்தியை இழுக்கும். தடித்த தந்தியில் மேலே வாசிக்கும்போது ஒரே ஸ்வரம் இரண்டு சுருதியாக அலைவது போலக் கேட்கும். இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பி, புதுத் தந்தியும் போட்ட பிறகு பிக்கப் மாற்றும் எண்ணமே போய்விடலாம். அப்படிப் போனால் நல்லதுதான்.

சரி, கிட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் மட்டும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பார்க்க வேண்டியது மரத்தில் தோண்டியிருக்கும் குழி. வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்ட்ராட்களின் பிக்கார்டை (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) கழற்றினால், ஒன்றில் முழுவதும் ஒரே பெரிய பள்ளமாக இருக்கும்; மற்றதில் மூன்று ஒல்லியான சிங்கிள் காயில் குழிகள் மட்டும் இருக்கும். இரண்டாவதில் ஹம்பக்கர் (இரண்டு சுருள் கொண்ட அகலமான பிக்கப்) போட மரத்தைச் செதுக்க வேண்டும், பிக்கார்டும் புதிதாக வேண்டும். மெலிந்த உடல் கொண்ட கிட்டார்களில் ஆழமும் போதாமல் போகலாம். ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரின் கழுத்துப் பக்க பிக்கப் ஸ்ட்ராட்டுடையதைவிடச் சிறியது; ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ஆகவே முதலில் திறந்து அளந்துவிட்டு, அப்புறம் வாங்குங்கள். மரத்தில் கைவைக்க மனமில்லாவிட்டால், சிங்கிள் காயில் அளவிலேயே செய்த ஹம்பக்கரும் ஹம்பக்கர் அளவிலேயே செய்த பி-90 (அகலமான சிங்கிள் காயில்) வகையும் கிடைக்கின்றன.

தந்தி இடைவெளியும் கிட்டாருக்குக் கிட்டார் மாறும். பழைய கிப்சன் அளவு ஹம்பக்கரில் முதல் துருவத்திலிருந்து கடைசித் துருவம் வரை ஏறக்குறைய 50 மி.மீ.; ஃபெண்டர், ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ்களுக்கு 53 மி.மீ. அருகில் வரும். பிரிட்ஜ் பக்கம் வாங்கும்போது இதைப் பாருங்கள். கழுத்துப் பக்கம் தந்திகள் நெருங்கியே ஓடுவதால் அங்கே கவலை குறைவு.

பாட்களை (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள மின்தடைகள்) மறப்பவர்களும் நிறைய. சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஸ்ட்ராட்டில் இருக்கும் 250-லேயே ஹம்பக்கரை இணைத்துவிட்டு "மங்கலாக இருக்கிறது" என்று பிக்கப்பைத் திட்டுவது நியாயமில்லை. ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் வகை என்றால் 25 கிலோ ஓம் பாட்டோடு 9 வோல்ட் பேட்டரிக்கும் உள்ளே இடம் வேண்டும்.

முதல்முறை சால்டரிங் (உலோகத்தை உருக்கி ஒயர் இணைப்பது) செய்பவர் கிப்சனின் உள்ளீடற்ற உடல் கொண்ட இஎஸ்-335 மாதிரியான கிட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பின்னால் திறக்க மூடியே கிடையாது. பாட், சுவிட்ச், ஒயர் எல்லாவற்றையும் ஒலித்துளை வழியாக நூல் கட்டி இழுத்து வெளியே எடுத்து, அதே வழியில் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். பழகுவதற்கு ஸ்ட்ராட்தான் வசதி. பிக்கார்டைக் கழற்றினால் ஏறக்குறைய எல்லாமே கையோடு வந்துவிடும்.

ஒரு கிட்டாரை இன்னொன்றாக்கப் பார்ப்பதையும் தவிருங்கள். ஸ்ட்ராட்டின் தந்தி நீளம் 25.5 அங்குலம், கிப்சனின் லெஸ் பாலுக்கு 24.75. அதே தந்தி, அதே சுருதி என்றால் ஸ்ட்ராட்டில் இழுவிசை அதிகம். ஹம்பக்கர் போட்டாலும் அந்த விறைப்பும் பிரிட்ஜும் அப்படியேதான் இருக்கும். தடித்த ஸ்ட்ராட் குரல் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். லெஸ் பால் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, பழைய கிட்டார்கள். 1957 முதல் 60-களின் தொடக்கம் வரை வந்த கிப்சன்களில் 'காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஒட்டுச்சீட்டோடு இருக்கும் ஹம்பக்கர்களுக்கு மட்டுமல்ல, தொடப்படாத சால்டர் இணைப்புகளுக்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. அத்தகைய கிட்டாரில் கைவைக்காதீர்கள். சாதாரண கிட்டாரிலும் பழைய பிக்கப்பின் ஒயரைக் குட்டையாக வெட்டாமல் சால்டரை உருக்கியே பிரியுங்கள். எந்த இடத்தில் இருந்தது, எந்த நிற ஒயர் எங்கே போனது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.