“வண்டியிலிருந்து விழுந்துட்டார்”: விபத்து கிளெய்ம் கேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கும்பகோணம் கோர்ட்டில் ஒரு ஜூனியர் கிளெய்ம் மனுவைக் காட்டினார். எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் எல்லாம் வரிசையாக இருந்தன. “ஏ.ஆர். காப்பி எங்கே தம்பி?” என்றேன். “அது டாக்டர் சமாச்சாரம்தானே சார், அப்புறம் வாங்கிக்கலாம்” என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வண்டி நம்பர் பிழை, தேதிப் பிழையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன முதல் வார்த்தை

அடிபட்டவர் வந்ததும் டூட்டி டாக்டர் “எப்படி அடிபட்டது?” என்று கேட்பார். பதில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறும். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. பெரும்பாலும் பதில் சொல்வது தூக்கிக்கொண்டு வந்தவர்தான்.

என் கட்சிக்காரர் ஒரு விவசாயக் கூலி. கல்லணை–பூம்புகார் சாலையில் மொபெட்டில் போனவரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. கார்க்காரரே கொண்டுபோய்ச் சேர்த்தார். “செலவை நான் பார்த்துக்கிறேன், போலீஸெல்லாம் வேண்டாம்” என்று அடிபட்டவரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். டாக்டருக்குப் பதில் சொன்னதும் அந்தக் கார்க்காரரேதான்: “வண்டியிலிருந்து விழுந்துட்டார்.” அப்படியே பதிவாகிவிட்டது. பணம் வரவில்லை. பதினோரு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். நான் ஏ.ஆரைப் படிக்காமலே மனுத் தாக்கல் செய்தேன். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியை வாசித்தார். வேறெதுவும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. மனு தள்ளுபடி. அந்த அம்மா எக்ஸ்ரேயை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கோர்ட் வாசலில் நின்றது இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஏ.ஆர். காப்பியை முதலில் வாங்கிப் படியுங்கள். யார் கூட்டி வந்தார், அப்போது நினைவு இருந்ததா என்று பாருங்கள். தப்பாக ஏறியிருந்தால் மறைக்காதீர்கள். அந்தத் தகவலைச் சொன்னது யார் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். போலீஸ் வாக்குமூலத்திலும் வரட்டும். தேவைப்பட்டால் டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். கிரிமினல் கேஸைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை; எப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2009இல் பிம்லா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் நம் சாட்சி ஒன்று சொல்ல, நம் ஆவணமே வேறொன்று சொன்னால் அதுவும் கைகொடுக்காது.

நிற்கிற லாரி

தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் லாரிகள் ரோட்டோரம் வரிசைகட்டி நிற்கும். விடியற்காலைப் பனியில் பின்னால் போய் மோதியவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். விழும். ‘ஓடாத வண்டிக்கு என்ன கவனக்குறைவு’ என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவே சொல்கிறது. பார்க்கிங் லைட் எரிந்ததா, பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் இருந்ததா, தார் ரோட்டில் எவ்வளவு தூரம் ஏறி நின்றது என்று அன்றைக்கே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் அங்கே லாரி இருக்காது. போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்சில் லாரி நின்ற இடம் சரிதானா என்று நேரில் போய் ஒத்துப் பாருங்கள்.

மூன்று பேர் ஒரே டூவீலரில் போனது

அது ஒன்றுக்காகவே இழப்பீட்டைக் குறைக்க முடியாது. விபத்துக்கு அது காரணமாக இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். சுப்ரீம் கோர்ட் 2020இல் சொன்னது.

டிரைவர் விடுதலையானது

கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலையானாலும் கிளெய்ம் கேஸ் அதோடு முடியாது. 1980இல் நம் தமிழ்நாட்டு பஸ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டில் இது தீர்ந்துவிட்டது.

ஆறு மாதக் கெடு

கிளெய்ம் மனுத் தாக்கல் செய்வதற்கான இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல.