நேட்டாலுக்குப் போன முன்னோரைத் தேடும் முறை

வட ஆற்காட்டிலிருந்து 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களும், ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளிகளும் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் கப்பல் பட்டியல்தான். அதில் ஒவ்வொருவருக்கும் கூலி எண் (ஆளுக்கு ஒன்றாகத் தரப்பட்ட அடையாள எண்), தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். பெயரைவிடக் கூலி எண்ணையே உறுதியான பிடியாகக் கொள்ளுங்கள். ஏனெனில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி, குப்பம்மாள் போன்ற பெயர்கள் பல வடிவங்களில் கிடக்கின்றன.

தலைமுறைகளை இணைக்கும்போதுதான் கவனம் மிகவும் தேவை. நம் வழக்கில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக நிற்பதால் அது தலைமுறைதோறும் மாறும். நேட்டாலிலோ தந்தையின் பெயரோ நாயுடு, பிள்ளை, முதலி போன்ற பட்டமோ நிலையான குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே ஒரே குடும்பப் பெயர் உறவுக்குச் சான்றாகாது. பேரனுக்குப் பாட்டனார் பெயரைச் சூட்டும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும் என்பதால், வயதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள்.

ஜில்லா எல்லைகளையும் நினைவில் வையுங்கள். அக்காலத்தில் சித்தூர் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. திருப்பத்தூரோ 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. கிராமம் உறுதியான பிறகு குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் பங்காளிகளை விசாரியுங்கள். கிறித்தவக் குடும்பமாயின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள்.